மீட்டர் சொல்வதா, மெக்கானிக் சொல்வதா?

பட்டறைப் பக்கம்

‘‘ஏழு வருடம் ஓடிய டீசல் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. அடுத்த சர்வீஸுக்கு இன்னும் 8,200 கி.மீ இருப்பதாக மீட்டர் காட்டுகிறது. பக்கத்து ஊர் மெக்கானிக்கோ, ‘ஆயிலை இன்றைக்கே மாற்ற வேண்டும்’ என்கிறார். யார் சொல்வதை நம்புவது?’’

- வாசகர், செஞ்சி வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

இந்தக் கேள்வியை அனுப்பிய விவசாயி, ஒன்றரை ஏக்கரில் கத்திரி, வெண்டை, மிளகாய் போடுகிறவர். வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் காரின் பின்சீட்டை மடித்து, காய்கறி மூட்டைகளை அடுக்கிக்கொண்டு திண்டிவனம் உழவர் சந்தைக்குப் போகிறார். போக வர ஏறக்குறைய 60 கி.மீ. மாதம் ஒரு தடவை அம்மாவைப் புதுச்சேரி ஜிப்மருக்கு அழைத்துப் போவதும் இதே வண்டியில்தான். நகைக்கடன் வைத்து வாங்கிய கார். அது நடுவழியில் நின்றால் அன்றைய காயும் போகும், அம்மாவின் மருத்துவமனைத் தேதியும் போகும்.

வண்டியை விற்றவர் சாவியைத் திருகி, திரையைக் காட்டித்தான் விற்றிருக்கிறார். ‘‘பாருங்க, இப்பதான் சர்வீஸ் முடிஞ்சுது. இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு நீங்க ஒண்ணும் பார்க்க வேண்டாம்.’’ திரையிலும் அப்படித்தான் இருந்தது. இவரும் நம்பிவிட்டார். சர்வீஸ் பில் கேட்கத் தோன்றவில்லை.

போன மாதம் பஞ்சர் ஒட்டுவதற்காக ஒரு பட்டறையில் நிறுத்தியபோது, அங்கிருந்த வயதான மெக்கானிக் போகிற போக்கில் பானெட்டைத் திறந்திருக்கிறார். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தைக் காட்டினார். தார் போல கெட்டியாக ஏதோ ஒட்டியிருந்தது. குச்சியை இழுத்துப் பார்த்தால், ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. ஃபில்டரின் மேல் படிந்திருந்த மண் இறுகி, ஓடு மாதிரி நின்றது.

‘‘தம்பி, இந்த ஃபில்டரைத் தொட்டே ரொம்ப நாள் ஆச்சு. இதைக் கழட்டாம எப்படி சர்வீஸ் பண்ணியிருப்பாங்க?’’

‘‘மீட்டர்ல எட்டாயிரம் இருக்குன்னு காட்டுதே அண்ணே?’’

‘‘மீட்டர் என்ன, ஆயிலைத் தொட்டுப் பார்த்தா சொல்லுது? அது கிலோமீட்டரை எண்ணுது, அவ்வளவுதான். பட்டனை அமுக்கினா மறுபடியும் பத்தாயிரத்துல இருந்து எண்ணும்.’’

இந்த விஷயத்தில் மெக்கானிக் சொன்னதுதான் சரி. காரணம் தெரிந்துகொண்டால் மற்றவர்களும் ஏமாறாமல் இருக்கலாம்.

இன்றைய கார்களில் சர்வீஸ் நினைவூட்டல் இரண்டு விதமாக வேலை செய்கிறது. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது வெறும் எண்ணி. கடைசியாக ‘ரீசெட்’ செய்த நாளிலிருந்து ஓடிய தூரத்தையும், கடந்த நாள்களையும் எண்ணும். கம்பெனி வைத்த கெடு, உதாரணமாக 10,000 கி.மீ அல்லது 1 வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது ஸ்பேனர் குறியையோ, ‘சர்வீஸ்’ என்ற எழுத்தையோ காட்டும். சில விலை உயர்ந்த கார்களில் இருப்பது கொஞ்சம் கெட்டிக்காரக் கணக்கு. இன்ஜின் எவ்வளவு சூடாகிறது, எத்தனை சுற்று சுற்றுகிறது, எத்தனை தடவை குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகிறது என்பதையெல்லாம் சேர்த்து, ஆயிலின் ஆயுள் இத்தனை சதவிகிதம் மிச்சம் என்று சொல்லும். இந்த இரண்டு முறையிலுமே, சம்ப்பில் இருப்பது புது ஆயிலா, பழைய ஆயிலா என்பது மீட்டருக்குத் தெரியாது. ரீசெட் செய்துவிட்டால், ஆயில் மாற்றிவிட்டார்கள் என்று அது எடுத்துக்கொள்ளும்.

செஞ்சி வாசகர் விஷயத்தில் கணக்கே உண்மையைச் சொல்லிவிடுகிறது. கெடு 10,000 கி.மீ. மிச்சம் 8,200. ஆக, ரீசெட் செய்த பிறகு ஓடியது 1,800 கி.மீ. வண்டியை வாங்கிய நாளிலிருந்து இவர் ஓட்டியதும் ஏறக்குறைய அதே 1,800 கி.மீதான். அதாவது, விற்பதற்கு முன்பு பட்டனை அமுக்கியிருக்கிறார்கள். ஆயிலை மாற்றிவிட்டு அமுக்கினார்களா, மாற்றாமலே அமுக்கினார்களா என்பதுதான் கேள்வி.

அதற்கும் வழி இருந்தது. பெரும்பாலான கார் கம்பெனிகளின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையங்களில், வண்டியின் பதிவு எண்ணையோ, சேஸிஸ் எண்ணையோ கொடுத்தால் பழைய சர்வீஸ் விவரம் கணினியில் கிடைக்கும். மெக்கானிக் சொன்ன யோசனைப்படி இவர் ஆர்.சி புத்தகத்தோடு போய்க் கேட்டார். கடைசிப் பதிவு இரண்டரை வருடத்துக்கு முன்பு, 61,300 கி.மீயில். இப்போது வண்டி நிற்பது 84,100 கி.மீயில். இடையில் 22,800 கி.மீ. குறைந்தது இரண்டு தடவையாவது ஆயில் மாற்றியிருக்க வேண்டும். வெளிப்பட்டறையில் மாற்றியிருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், பில் இல்லை, ஸ்டிக்கர் இல்லை, ஃபில்டரோ மண்ணேறிக் கிடக்கிறது.

அன்று மாலையே ஆயிலும் ஃபில்டரும் மாற்றப்பட்டன. இறக்கிய ஆயில், தண்ணீர் மாதிரி ஊற்றாமல் கூழ் மாதிரி விழுந்ததாக எழுதியிருக்கிறார். செலவு சில ஆயிரத்தில் முடிந்தது. பேரிங் தேய்ந்து இன்ஜினைப் பிரிக்கும் நிலை வந்திருந்தால், செலவு வண்டியை வாங்கிய விலையில் பெரும்பகுதியைத் தின்றிருக்கும்.

இங்கே மெக்கானிக் செய்த இன்னொரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். கழிவு இப்படிக் கெட்டியாகப் படிந்த இன்ஜினில், ‘ஃபிளஷ்’ திரவம் ஊற்றி ஒரே நாளில் கழுவிவிட அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பெயர்ந்து வரும் கசடு, சம்ப்பின் அடியில் ஆயிலை உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிட்டால் உள்ளதும் போகும். அதனால், சரியான ரக ஆயிலை ஊற்றி 2,000 முதல் 3,000 கி.மீ ஓட்டிவிட்டு, மறுபடியும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றச் சொல்லியிருக்கிறார். புது ஆயிலில் இருக்கும் சுத்தம் செய்யும் மருந்து, கசடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவரும். பொறுமையான வழிதான், ஆனால் பாதுகாப்பான வழி.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குகிறவர்கள் மனதில் வைக்க வேண்டியது இதுதான். மீட்டர் என்ன காட்டினாலும், பில் இல்லையென்றால் ஆயில் மாற்றவில்லை என்றே கணக்கு. வாங்கிய வாரத்திலேயே ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றையும் மாற்றி, அன்றைய கிலோமீட்டரைக் குறித்துவைத்து, அங்கிருந்து புதுக்கணக்கு தொடங்குவதே நல்லது.

ஒரு எச்சரிக்கை: டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பாக இருப்பதை மட்டும் வைத்து ‘கெட்டுப்போச்சு’ என்று முடிவுகட்ட வேண்டாம். டீசல் எரியும்போது வரும் கரியை ஆயில் தன்னுள் வாங்கிக்கொள்வதால், புது ஆயில்கூட சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். நிறத்தைவிட அளவு, கெட்டித்தன்மை, மூடியின் அடியில் படிந்திருக்கும் கசடு, கடைசியாக மாற்றிய தேதி ஆகியவைதான் முக்கியம். ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால், உள்ளே தண்ணீரோ கூலன்ட்டோ கலக்கிறது என்று அர்த்தம். அப்போது வண்டியை ஓட்டாமல் காட்ட வேண்டும்.

‘‘உள்ளூர் பட்டறையில் ஆயில் மாற்றிய பிறகும் ஸ்பேனர் விளக்கு எரிகிறது. ஆயில் சரியில்லையா?’’

- வாசகி, ஒட்டன்சத்திரம்.

ஆயில் மேல் தவறில்லை. செஞ்சிக்காரர் கதையின் மறுபக்கம் இது. அங்கே ஆயில் மாற்றாமல் விளக்கை அணைத்தார்கள். இங்கே ஆயிலை மாற்றிவிட்டு, விளக்கை அணைக்க மறந்துவிட்டார்கள்.

ரீசெட் செய்யும் முறை வண்டிக்கு வண்டி மாறும். பொதுவாக மூன்று வழிகள் உண்டு. பல கார்களில், டேஷ்போர்டில் உள்ள ‘டிரிப்’ குமிழை அழுத்திப் பிடித்தபடி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ‘ஆன்’ நிலைக்குத் திருகி, திரை மாறும்வரை காத்திருக்க வேண்டும். சில கார்களில், ஸ்டீயரிங் பட்டன் வழியாகவோ தொடுதிரையிலோ ‘அமைப்புகள்’ பகுதிக்குப் போய், ‘சர்வீஸ்’ என்ற இடத்தில் ரீசெட் செய்ய வேண்டும். இன்னும் சில கார்களில், ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி சாக்கெட்டில் ஸ்கேனர் கருவியைச் செருகித்தான் செய்ய முடியும். எந்த முறை என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

‘விளக்குதானே, எரிந்துவிட்டுப் போகட்டும்’ என்று விட்டுவிடக் கூடாது. எப்போதும் எரியும் விளக்கைக் கண் கவனிப்பதை நிறுத்திவிடும். அடுத்த தடவை உண்மையிலேயே கெடு வரும்போது அது தெரியாமலே போய்விடும். ஆயில் மாற்றும் அன்றே, மெக்கானிக் கண்ணெதிரிலேயே ரீசெட் செய்துவிடுவது நல்லது.

இன்னொன்று: சில வண்டிகளில் ஸ்பேனர் குறி, இன்ஜின் அல்லது கியரில் உள்ள வேறு கோளாறையும் காட்டும். ரீசெட் செய்த பிறகு சில நாள்களிலேயே மறுபடி எரிந்தால், அது நினைவூட்டல் இல்லை. ஸ்கேனரில் போட்டுப் பார்ப்பதே சரி.

‘‘ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எப்போதாவது எரிந்து அணைகிறது. அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாமா?’’

- வாசகர், லால்குடி.

கூடாது. இந்தப் பகுதியில் வேறெதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

ஸ்பேனர் விளக்கு தபால்காரர் மாதிரி. ‘தேதி நெருங்குகிறது’ என்று சொல்லிவிட்டுப் போகும். ஒரு வாரம் தள்ளினாலும் குடி முழுகாது. மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் எரிந்தால், புகை, சென்சார் சம்பந்தமான கோளாறு. அது விட்டுவிட்டு மின்னாத வரை, மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். ஆனால், சொட்டு விழும் ஆயில் கேன் படம் சிவப்பில் எரிந்தால், இன்ஜினுக்குள் ஆயில் அழுத்தம் இல்லை என்று அர்த்தம். கிராங்க் ஷாஃப்ட்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் சுற்றுவது, நடுவில் அழுத்தத்தோடு நிற்கும் ஆயில் படலத்தால்தான். அந்தப் படலம் போனால், இரும்பு இரும்பை உரசும். நிமிடக் கணக்கில் பேரிங் உருகி, இன்ஜின் சீஸ் ஆகிவிடும்.

லால்குடி பக்கம் ஒரு நெல் விவசாயிக்கு இப்படித்தான் நடந்தது என்று இதே வாசகர் எழுதியிருக்கிறார். சிவப்பு விளக்கு எரிந்ததும், ‘வீடு ஆறு கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டினார். நான்காவது கிலோமீட்டரில் ‘கடகட’வென்று சத்தம். அதோடு நின்ற இன்ஜின் திரும்பச் சுற்றவில்லை. இறக்கிப் பார்த்தால், சம்ப்பின் டிரெயின் போல்ட் வாஷர் தேய்ந்து, ஆயில் முழுக்க வழியில் ஒழுகியிருந்தது. ஒரு சின்ன வாஷரில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

அப்படியே இந்த வாசகருக்கும் நடந்துவிடக் கூடாது. விளக்கு எரிந்ததும் வண்டியை ஓரம்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து அளவுக்குச்சியை இழுத்து, துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஆயில் நிற்க வேண்டும். குறைவாக இருந்தால், அதே ரக ஆயிலை ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துக்கொண்டு போவதே நல்லது. பம்ப் கோளாறாக இருக்கலாம், சென்சார் கோளாறாகவும் இருக்கலாம். சென்சார்தான் என்று தெரியும்வரை பம்ப் என்றே நினைக்க வேண்டும்.

பழைய கார், டிராக்டர் வைத்திருப்பவர்கள் தினமும் ஒன்றைக் கவனிக்கலாம். சாவியை ‘ஆன்’ செய்தவுடன் இந்த சிவப்பு விளக்கு எரிய வேண்டும், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால், பல்போ வயரோ போய்விட்டது. ஆபத்து வரும்போது சொல்ல ஆளில்லை என்று அர்த்தம்.

‘‘டிராக்டரில் மணி மீட்டர் ஓடி இரண்டு வருடம் ஆகிறது. ஆயில் எப்போது மாற்றுவது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?’’

- வாசகர், மன்னார்குடி.

காருக்குக் கிலோமீட்டர் எப்படியோ, அப்படி டிராக்டருக்கு மணிக்கணக்கு. நின்ற இடத்தில் நின்றே டிராக்டர் நெல் அடிக்கும், தண்ணீர் இறைக்கும். அதனால் தூரத்தை வைத்துக் கணக்குப் போட முடியாது. பெரும்பாலான டிராக்டர்களில் புதிதாக வாங்கியதும் முதல் சர்வீஸ் 50 மணி நேரத்தில் வரும். பிறகு, பெரும்பாலும் 250 மணி நேரத்துக்கு ஒரு தடவை இன்ஜின் ஆயில். சில புது மாடல்களில் 400, 500 மணி நேரம்வரை கொடுத்திருக்கிறார்கள். எதுவானாலும் கையேட்டில் உள்ளதே கணக்கு.

250 மணி நேரம் என்றால் நிறைய நாள் என்று தோன்றும். சேற்றுழவு சீசனில் நாளுக்கு 8 மணி நேரம் ஓட்டினால், ஒரே மாதத்தில் தீர்ந்துவிடும். வருடத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு முன்பு ஆயில் மாற்றும் வழக்கம் பலரிடம் உண்டு. சொந்த வயலுக்கு மட்டும் ஓட்டுகிறவருக்கு அது சரியாக இருக்கலாம். வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு இன்ஜினைத் தின்னும் வழக்கம் அது.

மீட்டர் ஓடாவிட்டாலும் கணக்கு எடுக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வாடகை நோட்டு. யார் வயலில் எத்தனை மணி ஓட்டினோம் என்று காசு வாங்குவதற்காக எழுதிவைக்கும் நோட்டே சர்வீஸ் நோட்டு. அதோடு சொந்த வயலில் ஓட்டிய மணியைச் சேர்க்க வேண்டும். இரண்டாவது, டீசல் கணக்கு. 40 எச்.பி டிராக்டர் ரோட்டவேட்டர் போட்டு ஓட்டும்போது, மணிக்கு ஏறக்குறைய 4 முதல் 5 லிட்டர் டீசல் குடிக்கும். அந்தக் கணக்குப்படி 250 மணி நேரத்துக்கு 1,000 முதல் 1,250 லிட்டர். பங்க் பில்லைச் சேர்த்துவைத்து, 1,000 லிட்டர் தாண்டியதும் ஆயில் மாற்றிவிட்டால் தவறாது. இதெல்லாம் தற்காலிக ஏற்பாடுதான். மீட்டரைப் பழுதுபார்ப்பதே நிரந்தர வழி.

மீட்டர் ஓடும் டிராக்டரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய டிராக்டர்களில், இன்ஜினிலிருந்து கேபிள் வழியாகச் சுற்றும் மணி மீட்டர், கடிகார மணியைக் காட்டாது. இன்ஜின் அதன் முழு வேலைச் சுற்றில் ஓடினால்தான் ஒரு மணிக்கு ஒரு மணி ஏறும். மெதுவாக ஓடினால் குறைவாக ஏறும். எலெக்ட்ரானிக் மீட்டர் பெரும்பாலும் இன்ஜின் ஓடும் கடிகார நேரத்தையே எண்ணும். பழைய வண்டியை விற்றுவிட்டுப் புது வண்டி வாங்கியவர்கள், ‘இதில் மணி சீக்கிரம் ஏறுகிறதே’ என்று குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

புழுதியில் வேலை செய்யும் டிராக்டருக்கு ஆயிலைவிட முன்னதாகக் கவனிக்க வேண்டியது ஏர் ஃபில்டர். பழைய வண்டிகளில் அடியில் ஆயில் கிண்ணம் இருக்கும். புழுதி உழவின்போது அதைத் தினமும் திறந்து பார்த்து, சேறு படிந்திருந்தால் கழுவி, குறித்த கோடுவரை ஆயில் ஊற்ற வேண்டும். அந்த வழியாக உள்ளே போகும் மண், எவ்வளவு நல்ல ஆயில் ஊற்றினாலும் பிஸ்டனையும் லைனரையும் அரைத்துவிடும்.

இதே மணிக்கணக்கு சின்ன இன்ஜின்களுக்கும் உண்டு. 4 ஸ்ட்ரோக் களை எடுக்கும் கருவி, பெட்ரோல் பம்ப்செட், பவர் வீடர் ஆகியவற்றில், புதிதாக வாங்கிய முதல் 10 முதல் 20 மணி நேரத்தில் ஒரு தடவையும், பிறகு 50 முதல் 100 மணி நேரத்துக்கு ஒரு தடவையும் மாற்றச் சொல்லி கையேட்டில் இருக்கும். பலர் வாங்கிய நாளிலிருந்து மாற்றுவதே இல்லை. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றும் 2 ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு இந்த வேலை இல்லை.

‘‘வருடத்துக்கு 2,000 கி.மீகூட ஓடாத கார். அதற்கும் வருடா வருடம் ஆயில் மாற்ற வேண்டுமா?’’

- வாசகர், தாராபுரம்.

மாற்ற வேண்டும். கம்பெனிகள் ‘கிலோமீட்டர் அல்லது காலம், எது முதலில் வருகிறதோ அது’ என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில், இன்ஜின் முழுச்சூடு ஏறுவதற்குள் அணைந்துவிடும். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியும், எரியாத பெட்ரோலும் ஆயிலில் இறங்கும். நீண்ட தூரம் ஓடினால் அந்தச் சூட்டில் அவை ஆவியாகிவிடும். குறுகிய ஓட்டத்தில் உள்ளேயே தங்கி, ஆயிலை நீர்க்கச் செய்து, அமிலத்தன்மையைக் கூட்டும். அதனால், குறைவாக ஓடும் வண்டி ஆயிலுக்கு சுகமான வண்டி இல்லை. மாதம் ஒரு தடவையாவது 20, 30 கி.மீ தொடர்ந்து ஓட்டுவது நல்லது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்-6 டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அவற்றில் பலவற்றில், புகையில் வரும் கரியைப் பிடித்துவைத்து எரிக்கும் டி.பி.எஃப் வடிகட்டி உண்டு. எரிக்கும் வேலை பாதியில் பாதியில் நின்றால், அதற்காகச் செலுத்திய டீசல் ஆயிலில் கலந்து, குச்சியில் அளவு ஏறும். ‘ஆயில் குறையவே இல்லை, கூடியிருக்கிறது’ என்று சந்தோஷப்படக் கூடாது. மேல்கோட்டைத் தாண்டினால் உடனே காட்ட வேண்டும். இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைவாக விடும் தனி ரக ஆயில் வேண்டும். டிராக்டருக்கு வாங்கிய 15டபிள்யூ-40 டின்னில் மிச்சம் இருக்கிறதே என்று இதில் ஊற்றினால், வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

அந்த எண்களுக்கும் அர்த்தம் உண்டு. ‘டபிள்யூ’ எழுத்துக்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது. பின்னால் உள்ள எண், இன்ஜின் சூட்டில் அதன் கெட்டித்தன்மை. ‘நம் ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது’ என்று, 0டபிள்யூ-20 கேட்கும் புது பெட்ரோல் காரில் 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். புது இன்ஜின்களின் இடைவெளி மெல்லிய ஆயிலுக்காகவே செய்யப்பட்டது. கையேட்டில் உள்ள எண்ணையும், தர எழுத்தையும் ஒரு தாளில் எழுதிக் கடைக்கு எடுத்துப்போவதே சரி.

‘‘கழிவு ஆயிலைக் கிணற்று மேட்டில் ஊற்றலாமா? மாட்டுப் புண்ணுக்குத் தடவலாமா?’’

- வாசகி, பென்னாகரம்.

இரண்டுமே கூடாது. ஓடித் தேய்ந்த ஆயிலில் உலோகத் துகளும், எரிந்த கரியிலிருந்து வந்த புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் இருக்கும். மாடு புண்ணை நக்கினால் அது வயிற்றுக்குள் போகும். தொடர்ந்து கையில் படுவதே தோலுக்குக் கேடு என்பதால், மெக்கானிக்குகளும் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. மண்ணில் ஊற்றினால் ஆயில் மட்காமல் நெடுநாள் நின்று, கிணற்று நீருக்கு இறங்கும். அடுப்பெரிக்கவும் கூடாது, அந்தப் புகையும் விஷம். 2016-ம் வருட அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின் கீழ் வருகிற பொருள் இது. மூடியுள்ள பழைய ஆயில் கேனிலேயே ஊற்றிவைத்து, பட்டறையில் கொடுத்துவிடலாம். அங்கிருந்து சுத்திகரிப்பவர்கள் வாங்கிப்போய், மறுபடியும் ஆயிலாக்குகிறார்கள். தண்ணீரோ, பெட்ரோலோ கலக்காமல் கொடுத்தால்தான் அதற்குப் பயன்படும்.

கடைசியாக, செஞ்சி விவசாயிக்கே திரும்பலாம். அவர் கேட்ட இன்னொரு கேள்வி, இனிமேல் மீட்டரை நம்பலாமா என்பது. நம்பலாம். ஆயிலை மாற்றிய அன்று, தன் கண்ணெதிரில் ரீசெட் செய்த மீட்டரை நம்பலாம். ஆனால், அது ஒரு சாட்சிதான். இரண்டாவது சாட்சியாக பில் இருக்க வேண்டும். புது வண்டி என்றால், வாரன்டி கேட்கும்போது அந்த பில்தான் பேசும். தேதி, கிலோமீட்டர், ஆயில் ரகம், ஃபில்டர் மாற்றிய விவரம் நான்கும் அதில் இருக்க வேண்டும்.

மூன்றாவது சாட்சியை அவருடைய அம்மா ஏற்பாடு செய்துவிட்டார். வீட்டில் பால் கணக்கு எழுதும் காலண்டரில், மகன் சொல்லச் சொல்ல அவரே எழுதியிருக்கிறார்: ‘கார் ஆயில், 84,100. அடுத்தது 86,500.’ ஜிப்மர் தேதியும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.